செத்தவளை விசாரிக்கிற கதைகள்

உயிர்ச்சிநேகிதி செத்துப்போனாள், அல்லது காணாமல் போனாள். பொலிஸ் அரைகுறையாக விசாரித்துக் கோப்பை மூடிவிட்டது. வளர்ந்த ஆக்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருக்கினம். பதினாறு, பதினேழு வயசுப் பெட்டை ஒருத்தி மட்டும் விடமாட்டன் எண்டு வெளிக்கிடுறாள். அறைச் சுவர் முழுக்கப் படங்கள், குறிப்புகள், ஒண்டிலயிருந்து இன்னொண்டுக்கு இழுத்த நூல். முந்நூற்றைம்பது பக்கத்துக்குள்ள ஆள் அகப்பட்டிடும்.

ஆங்கில இளையோர் மர்ம நாவல்களில் இது இப்போது தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. 2006 இல் சாரா ஷெப்பர்டின் ‘பிரிட்டி லிட்டில் லையர்ஸ்’ முதல் புத்தகம் வந்தது. 2024 இல் ஹொலி ஜக்சனின் ‘எ குட் கேர்ள்ஸ் கைட் டு மேர்டர்’ பிபிசியிலும் நெட்பிளிக்ஸிலும் தொடராக வந்தது. இந்த இரண்டுக்கும் இடையில் வந்தவற்றை எண்ணி முடியாது. எங்கட வாசகர் வட்டத்திலயும் இதுகளுக்கு நல்ல கிராக்கி. பிடிஎஃப் ஆகக் கைமாறுது. “விடிய நாலு மணி வரைக்கும் வாசிச்சனான்” எண்டு சொல்லாத ஆளில்லை. நானும் வாசிக்கிறன். விறுவிறுப்புக்கு நான் எதிரி இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இந்த வகையில் பெரும்பாலான புத்தகங்கள் கொலைகாரனைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு செத்தவளைத்தான் விசாரணைக் கூண்டில் ஏற்றுகின்றன. சிநேகிதம் எண்ட பேரில நடக்கிற இந்த விசாரணைக்கு நாங்கள் கைதட்டிக்கொண்டு இருக்கிறம்.

எப்படி எண்டு பாப்பம்.

மர்ம நாவலுக்கு ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு புதுத் தகவல் வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அந்தத் தகவலை எங்கிருந்து எடுப்பது? கொலைகாரனிடமிருந்து எடுத்தால் கதை முடிந்துவிடும். பொலிஸிடம் ஒன்றுமில்லை. மிஞ்சுவது செத்தவள் மட்டும். அவளின்ட போன், டயறி, லொக்கர், பழைய மெசேஜ். ஆகவே பக்கத்துக்குப் பக்கம் அவளின் இரகசியம் ஒவ்வொன்றாக வெளியில் வரும். அவளுக்கு இன்னொரு காதலன் இருந்தவன். அவள் குளிசை பாவிச்சவள். அவள் பொய் சொன்னவள். “எனக்குத் தெரிஞ்ச சிநேகிதி இவள் இல்லையே!” என்று கதாநாயகி திகைப்பாள். அந்தத் திகைப்புத்தான் இந்த வகையின் எரிபொருள்.

‘பிரிட்டி லிட்டில் லையர்ஸ்’ கதையில் அலிசன் காணாமல் போகிறாள். அவளோடு திரிந்த நாலு பேருக்கும் ‘ஏ’ என்ற பெயரில் மிரட்டல் செய்திகள் வருகின்றன. நாலு பேரின் இரகசியங்கள், காதல்கள், உடுப்புகள் என்று கதை நீண்டுகொண்டே போகும். 16 புத்தகங்கள், 7 பருவத் தொலைக்காட்சித் தொடர். அலிசனை அழுது தேடுகிற ஆள் அதற்குள் எத்தனை பேர்? அவள் ஒரு பொறி, அவ்வளவுதான். தொலைக்காட்சித் தொடரில் பிறகு அவளை உயிரோடேயே கொண்டு வந்தார்கள். சாவுகூட அங்கே ஒரு திருப்பம் மட்டும்தான். தேவைப்பட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

ஹொலி ஜக்சனின் நாவல் இதைவிட நல்ல நாவல். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சால் சிங் என்ற பையன்தான் அன்டி பெல்லைக் கொன்றான் என்று ஒரு சின்ன ஆங்கிலேய ஊரே முடிவு கட்டிவிட்டது. ஐந்து வருடங்களாக அந்த இந்திய வம்சாவளிக் குடும்பத்தை ஊர் எப்படி ஒதுக்கி வைத்திருக்கிறது என்பதை நாவல் மறைக்கவில்லை. பிப் என்ற மாணவி பள்ளிக்கூடச் செயற்றிட்டமாக அந்த வழக்கைத் திரும்பத் தோண்டுகிறாள். பிப், அன்டியின் சிநேகிதி இல்லை. ஆனாலும் கதையின் அச்சு அதேதான். அன்டி போதைப்பொருள் வித்தாள், மற்றப் பிள்ளைகளை வதைத்தாள், வயது கூடிய ஒருத்தரோடு இரகசிய உறவு வைத்திருந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

இந்தக் கடைசி விசயத்தில கொஞ்சம் நில்லுங்கோ. பதினேழு வயசுப் பிள்ளையோட ஒரு வளர்ந்த மனிசன் உறவு வைச்சால் அது ஆரின்ட இரகசியம்? ஆரின்ட குற்றம்? கதை நெடுகிலும் அது அவளின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. கடைசியில் அந்த மனிதரிடமும் கணக்குக் கேட்கப்படுகிறது, உண்மை. ஆனால் அதற்கு முதல் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு வாசகர் தேடிக்கொண்டிருப்பது “இவள் இன்னும் என்னென்ன செய்திருப்பாள்?” என்ற கேள்விக்கான விடையைத்தான்.

இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிசில்லை. ஒரு பெட்டை ரியூசனால வீட்ட வராட்டி ஊர் முதலில கேக்கிறது என்ன? “ஆரோட போனவளாம்?” போன்ல ஆரோட கதைச்சவள், என்ன உடுப்புப் போட்டவள், அந்த நேரத்தில அங்க ஏன் போனவள். தேடுறதுக்கு முதல் தீர்ப்பு. ஊர்ச் சந்தியில நடக்கிற அந்த விசாரணையை அழகான அட்டையும் சிவப்பு எழுத்தும் போட்டு விற்றால் அதற்குப் பெயர் மர்ம நாவல் என்று ஆகிவிடுகிறது.

அப்படியென்றால் இந்த வகையே வேண்டாமா? இல்லை. இதே கருவை எடுத்துக்கொண்டு வேறு கேள்வி கேட்ட புத்தகங்களும் இருக்கின்றன. அவற்றை நாங்கள் போதியளவு வாசிக்கவில்லை, கதைக்கவில்லை என்பதுதான் என்ட கோபம்.

ரிஃபனி டி. ஜக்சன் 2018 இல் எழுதிய ‘மண்டேஸ் நொட் கமிங்’ அதில் முதலாவது. அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டன். விடுமுறை முடிந்து கிளோடியா பள்ளிக்கூடம் வருகிறாள். அவளின் உயிர்ச்சிநேகிதி மண்டே வரவில்லை. விடுமுறையில் எழுதிய கடிதங்களுக்கும் பதில் இல்லை. மண்டேயின் தாயிடம் கேட்டால் ஒரு நாள் ஒரு கதை, இன்னொரு நாள் இன்னொரு கதை. கிளோடியா பள்ளிக்கூடத்தில் கேட்கிறாள், வீட்டில் கேட்கிறாள், பொலிஸில் கேட்கிறாள். யாரும் அவளை அடித்து விரட்டவில்லை. எல்லாரும் தலையாட்டுகிறார்கள். வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாருமே விட்டுவிடுகிறார்கள்.

முடிவைச் சொல்லமாட்டன். ஆனால் அந்த நாவலில் உங்களை உலுக்கப்போவது ‘யார் செய்தது’ என்பது இல்லை. ஒரு கறுப்பினப் பிள்ளை ஒரு நகரத்தின் நடுவில், பள்ளிக்கூடம், அயலவர், அரச அலுவலகங்கள் எல்லாம் இருக்கத்தக்கதாக, எப்படி ஒருவருக்கும் தெரியாமல் இல்லாமல் போகலாம் என்பதுதான் உலுக்கும். இது வெறும் கற்பனையும் இல்லை. நாவல் வருவதற்கு முதல் வருடம், 2017 மார்ச்சில், வொஷிங்டன் பொலிஸ் காணாமல் போன பிள்ளைகளின் படங்களை ட்விட்டரில் போடத் தொடங்கியது. வரிசையாகக் கறுப்பின, லத்தீன் பெண் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்த சனம் கொதித்தெழுந்தது. எண்ணிக்கை கூடவில்லை, இப்போதுதான் வெளியில் போடுகிறோம் என்றார்கள் அதிகாரிகள். அந்தப் பதில் எவ்வளவு பயங்கரம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. முந்தியும் பிள்ளைகள் காணாமல் போய்க்கொண்டுதான் இருந்தினம். பாக்கத்தான் ஒருத்தரும் இல்லை.

அடுத்தது அஞ்செலின் பூலியின் ‘ஃபயர்கீப்பர்ஸ் டோட்டர்’ (2021). மிச்சிகன் மாநிலத்தின் வட முனையில் உள்ள ஒஜிப்வே பழங்குடிச் சமூகம். பூலி அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர். பதினெட்டு வயது டோனிஸின் கண் முன்னாலேயே அவளின் சிநேகிதி லிலி சுட்டுக் கொல்லப்படுகிறாள். சுட்டவன் யார் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. மர்ம நாவலில் இதைவிடத் துணிச்சல் என்ன வேணும்? ‘யார்’ என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே தூக்கி எறிந்துவிட்டு, அந்தப் பையனின் கைக்குப் போதைப்பொருள் எப்படி வந்தது, யார் அதில் காசு பார்க்கிறார்கள், சமூகத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று நாவல் போகிறது. 1978 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. பழங்குடி அல்லாதவர் ஒருவர் பழங்குடி நிலத்தில் குற்றம் செய்தால் அவரைத் தண்டிக்கப் பழங்குடி நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றது அது. அந்தத் தீர்ப்பின் நிழல் ஒரு இளம் பெண்ணின் உடம்பில் வந்து விழுவதை இந்த நாவலில் பார்க்கலாம். சட்டப் புத்தகம் வாசித்து விளங்காத விசயம் இங்கு விளங்கும்.

“உதெல்லாம் பாரமான புத்தகம், ஆர் வாசிக்கிறது?” எண்டு கேப்பினம். ‘ஃபயர்கீப்பர்ஸ் டோட்டர்’ நியூயோர்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த புத்தகம். இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருதும் அதற்குத்தான் 2022 இல் கிடைத்தது. விறுவிறுப்பும் விசயமும் ஒன்றாக இருக்கமுடியாது எண்டது சோம்பேறி எழுத்தாளர்கள் கட்டிவிட்ட கதை.

இன்னொரு மறுப்பு வரும், அது கொஞ்சம் பலமானது. செத்தவளுக்கு இரகசியமே இல்லையென்று எழுதினால் அவள் தேவதையாகிவிடுவாளே, மனிசியாக இருக்கமாட்டாளே? சரிதான். தேவதைகள் வேண்டாம். மண்டேயும் சிநேகிதியிடம் கனக்க மறைத்தவள்தான். ஆனால் அவள் மறைத்தவை எல்லாம் அவளின் வீட்டையும் வளர்ந்த ஆக்களையும் நோக்கிக் கை காட்டும். மற்ற நாவல்களில் இரகசியம் செத்தவளை நோக்கியே கை காட்டும். வித்தியாசம் அங்கதான்.

இந்த வித்தியாசத்துக்கு எங்கட தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. ‘காணாமல் போனவர்’ என்று சொன்னால் அவர் தானாகப் போனது போல இருக்கும். ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்றால் ஆக்கினவர் ஒருவர் இருக்கவேண்டும். 2016 இன் சட்டத்தால் அரசு அமைத்த அலுவலகத்தின் பெயர் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் குந்தின தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’. ஒரு வினைச்சொல்லுக்குள் இருக்கிற அரசியலை அந்த அம்மாமார் எங்களுக்குச் சொல்லித் தந்துவிட்டினம். அரசு செய்ததும் ஒரு வொஷிங்டன் குடியிருப்பில் நடந்ததும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு இந்த நாவல்களை வாசிக்கலாம் என்கிறேன். எந்தக் கதை ‘போனாள்’ என்று நிற்கிறது, எந்தக் கதை ‘ஆக்கப்பட்டாள்’ என்று தொடர்கிறது?

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. தமிழில் இளையோருக்கான மர்ம நாவல் எழுதவேணும் எண்டு எங்களுக்குள்ளேயே இரண்டு மூன்று பேர் வெளிக்கிட்டிருக்கிறீர்கள். நல்ல விசயம், எழுதுங்கோ. ஆனால் வெளிநாட்டு அச்சை அப்படியே இறக்கி, பாத்திரங்களுக்கு மட்டும் தமிழ்ப் பேர் வைச்சு எழுதாதேங்கோ. எங்கட ஊரில ஒரு பிள்ளை காணாமல் போற கதையில் அவளின்ட போனைத் திறக்க முதல், முறைப்பாட்டை எழுத மறுத்தவரின் மேசையைத் திறவுங்கோ. அவள் நாலு நாள் வராமல் இருந்தும் வரவுப் பதிவில் கோடு கீறிவிட்டுப் போன வகுப்பைத் திறவுங்கோ. “எங்களுக்கேன் வம்பு” எண்டு யன்னலைச் சாத்தின அயலைத் திறவுங்கோ.

வாசிக்கிற ஆக்களுக்கும் ஒரு சின்னச் சோதனை. புத்தகத்தை மூடினவுடன, செத்த சிநேகிதியைப் பற்றித் துப்பு இல்லாத மூன்று விசயம் சொல்லமுடியுதா எண்டு பாருங்கோ. கிளோடியாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கிறது கஷ்டம். அதை வகுப்பில் ஒருவருக்கும் தெரியாமல் மறைத்து, கூட இருந்து உதவினவள் மண்டே. அவள் வராத நாளில் கிளோடியாவுக்குப் பாடமே ஓடாது. மண்டே யார் என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. அவளை ஏன் தேடவேண்டும் எண்டும் தெரிந்துவிட்டது.