கடைசி நாலரை கிலோமீட்டர்

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் சாண்ட்வுட் விரிகுடா என்றொரு கடற்கரை இருக்கிறது. பிளேர்மோர் என்ற சிற்றூரோடு கார் நின்றுவிடும். அங்கிருந்து சதுப்பும் ஏரிகளுமாகக் கிடக்கும் மேட்டு நிலத்தில் சுமார் ஆறரை கிலோமீட்டர் நடந்தால்தான் மணல் கண்ணில் படும். திரும்பி வரவும் அதே ஆறரை. 1993இல் அந்த நிலத்தை வாங்கிய ஜான் மியூர் அறக்கட்டளை சாலை போடவில்லை, நடைபாதையை மட்டும் செப்பனிட்டு வருகிறது. அப்படியும் ஆள் வரத்து நின்றுவிடவில்லை. ‘வண்டி போகாத இடத்துக்கு யார் வருவார்கள்?’ என்று நம்மூரில் கேட்பவர்களுக்கு இந்த ஒரு கடற்கரையே பதில்.

நம் கணக்குக்கு வருவோம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி நெடுங்காலம் சாலை கிடையாது. 2017இல் ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை திறக்கப்பட்டது: இடிந்த தேவாலயம் நிற்கும் பழைய ஊர்வரை ஏறக்குறைய ஐந்து, அங்கிருந்து நிலம் முடியும் அரிச்சல்முனைவரை நாலரை. முதல் ஐந்தில் எனக்கு வழக்கில்லை. மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் தண்ணீர் மொண்டு பிழைத்த மீனவக் குடும்பங்களுக்குச் சாலை என்றால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மீன் கெடுமுன் சந்தை. ஆள் குடியிராத அந்தக் கடைசி நாலரைதான் வேண்டாத வேலை. காற்று திசை மாறும்போதெல்லாம் மணல்முனை உருமாறுகிறது; தார்ச்சாலை மாற முடியாது. அதனால் கரையோரம் கல் அடுக்கிக் காக்க வேண்டியிருக்கிறது, தாரை மூடும் மணலை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இத்தனை பாடும் எதற்கு? கார் போய், முனையில் நிற்கும் சிங்கமுகத் தூணைச் சுற்றி வளைந்து, பெரும்பாலும் ஒரு செல்ஃபியோடு திரும்புவதற்கு. ஒரு மணி நேரம் நடந்து வந்தவர் அப்படி உடனே திரும்பமாட்டார். வடக்கே ஒரு கடலும் தெற்கே ஒரு கடலும் வேறு வேறு குணத்தில் அடிப்பதைப் பார்க்க அவருக்குப் பொழுது இருக்கும். கையில் சுமக்க வேண்டும் என்பதால் கொண்டுவரும் தண்ணீர் பாட்டிலும் ஒன்றிரண்டோடு நின்றுவிடும்.

சாலைக்கு முன்பு மட்டும் அது என்ன தபோவனமாகவா இருந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேன்களும் ஜீப்புகளும் ஈரமணலை உழுதுகொண்டு போன காலம் அது. அதோடு ஒப்பிட்டால் ஒரே தடத்தில் ஓடும் தார்ச்சாலை எவ்வளவோ மேல். ஆனால் வேனை நிறுத்தச் சாலைதான் வழி என்று யார் சொன்னது? வேனை நிறுத்தியிருந்தாலே போதும். சேது நீராட வரும் முதியவர்கள், நடக்க இயலாதவர்கள் பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. நடையை மட்டுமே அனுமதிச் சீட்டாக்கினால் அவர்களுக்குக் கதவைச் சாத்துவதாகிவிடும். அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. போட்ட சாலையைப் பெயர்க்கவும் வேண்டாம். சொந்தக் காரையும் சுற்றுலாப் பேருந்தையும் பழைய ஊரோடு நிறுத்திவிட்டு, இயலாதவர்களுக்குப் பேட்டரி வண்டியும் மீனவர்களுக்குத் தங்கு தடையில்லாத அனுமதியும் கொடுத்தால் ஆயிற்று. கடைக்காரர்கள் பிழைப்பு கெடும் என்பதும் சரியில்லை. ஐந்து நிமிடம் காரை நிறுத்துகிறவரைவிட, ஒன்பது கிலோமீட்டர் நடந்து திரும்புகிறவருக்குத்தான் மீன் வறுவலும் மோரும் கூடுதலாக வேண்டியிருக்கும்.

2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. ஆழமில்லாத நீரில் அலகைத் தலைகீழாக அமிழ்த்திச் சேற்றை வடிகட்டித் தின்னும் பறவை அது. சத்தம் கேட்டால் இரையை விட்டுக் கிளம்பிவிடும். சரணாலயம் என்று பலகை வைத்துவிட்டு, பக்கத்திலேயே விடுமுறைதோறும் ஹாரன் அடிக்கும் வண்டி வரிசையை அனுமதித்தால், அந்த அறிவிப்பு காகிதத்தோடு நின்றுபோகும். பழைய ஊர் எல்லையில் ஒரு தடுப்புக் கம்பம் போடுவதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.