மதகைத் தூக்கும் சங்கிலி

ஜூன் 12 நெருங்கும்போதெல்லாம் காவிரிப் படுகை உழவர்கள் கேட்கும் முதல் கேள்வி, மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்பதுதான். அதற்கு இணையான இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தத் தண்ணீரைத் திறக்கவும் அடைக்கவும் வேண்டிய மதகுகள் தடையின்றி ஏறி இறங்குமா?

முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு வரும் காவிரி, கல்லணையில் வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனக் கிளைக்கிறது. கீழே ஆறுகளும் வாய்க்கால்களும் பிரியும் இடந்தோறும் இரும்புக் கதவுகள் உள்ளன. அவற்றைத் தூக்கி இறக்குபவை திருகுத்தண்டுகள், சங்கிலிகள், கம்பிவடங்கள், பல்சக்கரங்கள். குறுவையின் தொடக்கமும் கடைமடையின் பங்கும் வெள்ளக்கால வடிகாலும் இந்தத் தூக்கும் கருவிகளை நம்பியே இருக்கின்றன.

அவற்றில் ஒன்று பழுதானால் என்ன நேரும் என்பதை 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்திரை அணை காட்டியது. 33 மதகுகளில் 19ஆவதன் சங்கிலி அறுந்து, கதவு வெள்ளத்தோடு போயிற்று. அழுத்தத்தைக் குறைக்க மற்ற மதகுகளையும் திறக்க நேர்ந்தது. பாசனத்துக்கெனத் தேக்கிய நீர் வீணானது. நம் ஊரிலும் முன்னெச்சரிக்கை இருந்தது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, 1836இல் கட்டப்பட்ட முக்கொம்புக் கொள்ளிடக் கதவணையில் தூண்கள் சரிந்து, ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அங்கே விழுந்தது கட்டுமானம். துங்கபத்திரையில் அறுந்தது சங்கிலி. முதுமையடைந்த அமைப்பு ஆற்றில் பெருவெள்ளம் ஓடும் நேரத்திலேயே கைவிட்டது என்பது இரண்டுக்கும் பொது.

தூக்கும் கருவிகளைச் சோதிப்பது அரிய கலையன்று. கம்பிவடத்தில் இழைகள் அறுந்துள்ளனவா, சங்கிலிக் கண்ணிகள் தேய்ந்துள்ளனவா, திருகுத்தண்டு வளைந்துள்ளதா, பல்சக்கரத்துக்கு மசகு இடப்பட்டதா, தடை பிடிக்கிறதா எனப் பார்த்து, ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்கிப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆலைகளிலுள்ள பாரந்தூக்கிகளையும் சங்கிலிகளையும் தகுதிபெற்றவர் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும் ஆராய்ந்து பதிவு செய்ய வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 29ஆவது பிரிவில் வகுத்தது. ஆலையில் சில டன் இரும்பைத் தூக்கும் சங்கிலிக்கு வகுத்த ஒழுங்கு, ஆற்றையே தடுத்து நிறுத்தும் சங்கிலிக்கு வேண்டாமா?

2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றையும் மட்டுமே தன் வரம்புக்குள் கொள்கிறது. மேட்டூர் அதில் அடங்கும். உயரம் குறைந்த படுகைக் கதவணைகள் அடங்கா.

பராமரிப்பு பின்தங்குவதற்குப் பொருளியல் காரணம் ஒன்று உண்டு. புதிய கதவணை மூலதனச் செலவு. அதற்கு அடிக்கல்லும் திறப்பு விழாவும் உண்டு. மசகெண்ணெயும் கம்பிவடமும் வருவாய்க் கணக்குச் செலவு. நிதி நெருக்கடியில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். ஒழுங்காகப் பராமரித்ததன் பலன் நடக்காமற்போன விபத்து. அது எந்தக் கணக்கிலும் வரவாகத் தெரிவதில்லை. முக்கொம்பில் புதிய கதவணைக்கு முந்நூறு கோடி ரூபாய்க்கும் மேல் தேவைப்பட்டது என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேட்டூரில் பாசனத் திறப்பு முடியும் ஜனவரி 28 முதல் ஜூன் 12 வரையான காலம், இயற்கையும் மரபும் சேர்ந்து நமக்குத் தரும் சோதனைக் காலம். அதற்குள் படுகையின் ஒவ்வொரு மதகையும் ஏற்றி இறக்கிச் சோதித்த நாள், கண்ட குறை, அதைச் சரிசெய்த நாள் ஆகியவற்றை நீர்வளத்துறை வெளியிட வேண்டும். அந்தந்த மதகிலேயே அது எழுதப்பட்டால், பாசனம் பெறும் உழவரே தணிக்கையாளர் ஆவார். இதற்குத் தனி நிதி ஒதுக்கி, அதை வேறு பணிக்கு மாற்றாதிருப்பது அரசின் கடமை.

தூர்வாரும் பணி எங்கே நடக்கிறது என்று ஆண்டுதோறும் கேட்கிறோம். மதகுகளைச் சோதித்தாயிற்றா என்றும் இனிக் கேட்போம்.