குற்றவாளி மயிலா?

மத்தளை விமான நிலையம் எண்டு சொன்னாலே எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆளில்லாத ஏர்போட், ரன்வேயில் மயில் எண்டு எத்தனை மீம் பகிர்ந்திருப்போம்! ஆனால் அந்தப் பகிடிக்குள் ஒரு பொய் இருக்கிறது. மயில் விமான நிலையத்துக்குள் நுழைந்துவிட்டது என்பதுதான் அந்தப் பொய். நுழைந்தது மயில் இல்லை, விமான நிலையம்.

2013 மார்ச்சில் அது திறக்கப்படுவதற்கு முன்னர் அங்கே இருந்தது யானைகள் திரிந்த காடு. தெற்கே, 1990 இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இலங்கையின் முதல் ஈரநிலமான புந்தல. விலங்குகளும் பறவைகளும் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாத இரகசியமா? தெரிந்தேதான் கட்டினார்கள். 2016 மார்ச்சில் இராணுவத்தினரும் பொலிஸாருமாக ஏறக்குறைய 300 பேரை இறக்கி, வெடி கொளுத்தி விலங்குகளைத் துரத்தினார்கள். அதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

வெடிச்சத்தம் கொஞ்ச நாளைக்குத்தான். தனக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தால் பறவை அதற்குப் பழகிவிடும். சாப்பாடும் தண்ணீரும் ஒதுங்க இடமும் இருக்கிற வரைக்கும் அது திரும்பி வரும். அதனால்தான் உருப்படியான வேலை வேலிக்கு வெளியே தொடங்குகிறது. விமான நிலையத்தைச் சுற்றி 13 கிலோமீற்றருக்குள் குப்பைமேடு போலப் பறவைகளை இழுக்கும் இடங்களைக் கவனியுங்கள் என்கிறது சர்வதேச வழிகாட்டல். வேலிக்கு உள்ளே தண்ணீர் தேங்காத வாய்க்கால், அந்த இடத்துப் பறவைகளுக்கு வசதியில்லாத உயரத்தில் புல், எந்தப் பறவை எந்த மாதம் எந்த நேரம் வருகிறது என்ற பதிவு. இதிலே வீரசாகசம் ஒன்றுமில்லை. படம் எடுத்துப் போடவும் முடியாது. அதனால்தானோ என்னவோ ஒருவருக்கும் பிடிப்பதில்லை.

"அப்ப மனிச உயிரை விடப் பறவை பெரிசோ?" என்று கேட்பீர்கள். இல்லை. மனித உயிருக்காகத்தான் இதை எழுதுகிறோம். 2009 ஜனவரியில் நியூயோர்க்கில் வாத்துக்கூட்டம் மோதி இரண்டு இயந்திரங்களும் செயலிழந்த விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் தப்பினார்கள். அந்தக் கோடையிலேயே நகரத்து வாத்துகள் ஆயிரத்துக்கும் மேல் கொல்லப்பட்டன. ஆனால் இயந்திரத்தில் கிடைத்த இறகுகளை ஆராய்ந்தவர்கள், மோதியவை வடக்கிலிருந்து வலசை வந்த வாத்துகள் என்று கண்டார்கள். செத்தது ஒன்று, மோதியது இன்னொன்று.

2024 டிசம்பர் 29 இல் தென்கொரியாவின் முவானில் 179 பேர் இறந்தார்கள். இரண்டு இயந்திரங்களிலும் வாத்து இறகுகள் இருந்தன. வலசைப் பறவைகள் கூடும் கரையோரத்தில் அமைந்த விமான நிலையம் அது. ஓடுபாதை விரிவாக்கத்துக்கான சூழல் மதிப்பீடு முன்பே பறவை ஆபத்தைச் சொல்லியிருந்தது. விமானம் கடைசியில் மோதி வெடித்ததோ ஓடுபாதைக்கு அப்பால் இருந்த கொங்கிறீட் கட்டமைப்பில். அந்தக் கொங்கிறீட்டையும் பறவையா கட்டியது?

இடத்தைத் தெரிவு செய்வது மனிதர். குப்பையைக் கொட்டுவதும், அறிக்கையைப் படிக்காமல் மூடி வைப்பதும் மனிதர்தான். பிடிபடுவது மட்டும் பறவை.

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. அதை விரிவாக்கும் பேச்சு வரும்போதெல்லாம் நாங்கள் ரிக்கெற் விலையைத்தான் கேட்கிறோம். சுற்றியுள்ள குப்பை எங்கே போகிறது, பறவைக் கணக்கெடுப்பு நடந்ததா, அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்கலாமா எண்டு கேட்கிறோமா? கேட்க வேண்டும், ஓடுபாதை நீள்வதற்கு முதலே.

பாதுகாப்பு என்ற ஒரு சொல்லைச் சொல்லி வலிகாமம் வடக்கில் எத்தனை குடும்பங்களை 1990 க்குப் பிறகு ஊருக்குள் விடாமல் வைத்திருந்தார்கள்? தன் இடத்திலேயே அத்துமீறியவராக எண்ணப்படுவது எப்படியிருக்கும் என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அடுத்த முறை மயில் மீம் வந்தால், பகிர முதல் இதையும் ஒருக்கா யோசிப்போம்.