கடியாத நாய்க்கு வீடு உண்டா?

"கடிக்குமோ?" என்று கேட்டார் முதலாவதாக வந்தவர். கடியாது என்றேன். அவர் முகம் வாடியது.

எமது ஒழுங்கையிலிருந்து குடும்பமொன்று 2024ஆம் ஆண்டு ஆவணியிற் கனடாவுக்குப் பெயர்ந்தது. அவர்கள் வளர்த்த புரூனோ என்னும் நாயைப் பார்ப்பதற்கு ஓராளைக் கூலிக்கு அமர்த்தியே சென்றனர். அவ்வாள் இரண்டு கிழமைக்குப் பின் வரவில்லை. பூட்டிய வளவினுள்ளே தேசிமரத்திற் கட்டியபடி, விலா எலும்பெல்லாம் எண்ணத்தக்கதாய்க் கிடந்ததை அவிழ்த்து என் வீட்டுக்குக் கொணர்ந்தேன். அன்று தொடக்கம் அதற்கு ஓர் இல்லம் தேடுவது என் பொறுப்பாயிற்று.

அது கிறேற் டேன் என்னும் சாதி. பெயரில் டென்மார்க் ஒட்டியிருப்பினும் இச்சாதி உருவானது ஜேர்மனியிலேயாம். காட்டுப்பன்றி வேட்டைக்கென வளர்த்தெடுத்தனர். தொல்காப்பிய மரபியல், நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைக்கும் குருளை என்ற ஒரே பெயரைத் தருகின்றது. துரத்துவதற்கும் துரத்தப்படுவதற்கும் தொட்டிற்பெயர் ஒன்றே! இதனை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் மாணவர் சிரிப்பர். நிற்க. வேட்டை ஒழிந்தது, உடல் மாத்திரம் எஞ்சிற்று. ஆண் நாய் ஐம்பது கிலோவுக்கு மேல் நிறுக்கும்; குணமோ பசுவினது. அன்பு மிகுந்தால் ஆளின்மேற் சாய்ந்து நிற்கும். அதன் குறும்பு அவ்வளவே.

முதல்வர் வேண்டியது படலைக்குக் காவல். "கட்டி வைச்சால் தானாய்ச் சீறும், பண்டிதர்" என்றார். அவர் சொன்னதிற் பொய்யில்லை. மனிதர் நடுவே கிடந்து பழகிய பிராணியைப் பகல் முழுதும் சங்கிலியிற் பிணித்தால் அது சீறத்தான் செய்யும். அச்சீற்றத்தை வீரமென்று மயங்குகிறோம், அது துன்பம். இரண்டாமவர் குட்டிகள் ஈனச்செய்து விற்க எண்ணியவர். நலமடித்த நாய் என்றறிந்ததும் தேநீரையும் முடியாமல் எழுந்தார். மூன்றாமவர் நல்லவர், ஆனால் ஒரு வேளைக்கு எவ்வளவு தின்னும் என்று கேட்டுவிட்டு, மனைவியிடம் கேட்டுச் சொல்வதாகப் போனார்.

மூவருக்கும் மறுத்தமை பற்றி ஒழுங்கையில் என்மீது குறை. "நாய்க்குப் போய்ச் சம்பந்தம் பேசுகிறார்" என்கிறார்கள். ஆம், பேசத்தான் வேண்டும் என்பது என் துணிபு. இச்சாதி நாய் ஏழு முதற் பத்து ஆண்டுகளே வாழ்வது. புரூனோவுக்கு ஆறு கழிந்தது. எஞ்சிய சில ஆண்டுகளை மீண்டுமொரு மரத்தடியிற் கழிக்கவோ அதனை நான் அவிழ்த்தேன்? ஏற்பவரிடம் கேட்பதற்கு நாணுகிறோம். தலைச்சுமை இறங்கினாற் போதுமென்று கொடுத்துவிடுகிறோம். இரவில் எங்கே படுக்கும், கேட்பார் யார், நோயுற்றால் மிருக வைத்தியரிடம் கொண்டு செல்வதற்கு வாகனம் உண்டா என்பவற்றைக் கேட்டே ஆகவேண்டும். ஏனெனில் இந்த உடம்பைச் சைக்கிளில் ஏற்ற இயலாது. வயிறு ஊதித் திருகிக்கொள்ளும் நோய் இச்சாதிக்கு மிக எளிதில் வரும். சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடும். ஆதலால் ஒரே முறையிற் பானை நிறையச் சோறு வைக்கலாகாது. பிரித்து வைத்து, உண்டபின் ஓடவிடாது பார்க்க ஆள் வேண்டும்.

பிறநாடு செல்வோருக்கும் ஒன்று சொல்வேன். வீட்டைப் பார்க்கப் பணம் அனுப்புகின்றீர்கள், நாய்க்கும் அனுப்புங்கள். ரெலிபோனிற் செய்தி சொன்னபோது புரூனோவின் பழைய எசமானர் அழுதார். அழுகை நிற்கட்டும், மாதந்தோறும் உணவுச் செலவை அனுப்புக என்றேன். கடுமையாய்ச் சொல்லிவிட்டேனோ என்று பின்னர் வருந்தினேன். ஆயினும் பணம் தவறாது வருகின்றது.

அப்படியாயின் நீரே வைத்திருக்கலாமே என்று வாசகர் கேட்பது நியாயம். எனக்கும் ஆசைதான். என் தாயாருக்கு எண்பத்து நான்கு வயது. ஒருநாட் காலை கிணற்றடியிலே புரூனோ அன்புடன் அவர்மேற் சாய்ந்தது. துலாக்காலைப் பற்றியபடியால் விழாது தப்பினார். நாய்க்கு அவர் ஏன் கூவினார் என்று விளங்கவில்லை. மீண்டும் சாயப் போயிற்று. அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

நாலாவதாக வந்தவர் இளைப்பாறிய மருத்துவமாது ஒருவர். தனியே வாழ்பவர், ஆனாலும் காவலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. விறாந்தையிற் குந்தியிருந்து, "இரவிலை எங்கை படுத்துப் பழகினது?" என்று கேட்டார். ஆட்கள் படுக்கும் அறை வாசலில் என்றேன். "அப்ப என்ரை கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போடவேணும்" என்றார், தமக்குத் தாமே சொல்பவர் போல. தம்பி மகனிடம் முச்சக்கரவண்டி உண்டு என்பதையும், அதிற் புரூனோ ஏறுமா என்பதையும் அன்றே பார்த்துவிட்டோம். பின்னாசனம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. அம்மையார் சாரதியின் அருகே ஒடுங்கியிருந்து போனார்.