மறதிநோய்ச் சோதனை தமிழிலும் வேண்டும்

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோய்க்கு ஆளாகியுள்ளனர் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. பெண்களிடமும், கிராமத்தவரிடமும், கல்வி பெறாதவரிடமும் பாதிப்பு அதிகம்.

மறதிநோயாளிகளில் பெரும்பாலோரைப் பீடிப்பது அல்சைமர் நோய். இதில் அமிலாய்டு என்னும் புரதம் மூளையின் நரம்பணுக்களுக்கு வெளியே படிகிறது. டௌ என்னும் மற்றொரு புரதம் அணுக்களுக்குள்ளேயே முறுக்கிக்கொள்கிறது. அணுக்களிடையே தொடர்பு அறுந்து, நாளடைவில் அவை மடிகின்றன. மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் படிவு தொடங்கிவிடுகிறது. எனினும், படிவு இருந்தும் கடைசிவரை தெளிவோடு வாழ்ந்த முதியோரும் உண்டு. அமிலாய்டின் மீதே முழுப் பழியையும் சுமத்திவிட முடியாது.

அமிலாய்டை அகற்றும் லெகானெமாப் மருந்துக்கு அமெரிக்கா 2023-இல் முழு அனுமதி வழங்கியது. 18 மாதச் சோதனையில் அது நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. இழந்த நினைவை மீட்டுத் தரவில்லை. மூளையில் வீக்கமும் கசிவும் ஏற்படலாம் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அதுவும் நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஆக, காலத்தே கண்டறிவதுதான் முதல் தேவை.

கண்டறிவதோ பெரும்பாலும் மொழி வழியாகவே நடக்கிறது. சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் செய்வதே இச்சோதனைகளின் அடிப்படை. இதற்கென இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் முதலில் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் அமைந்தது. தமிழ் அதில் இல்லை. தில்லியில் மொழிப் பட்டியல் போடப்படும்போது தமிழ் விடுபடுவது புதிதல்ல என்றாலும், மருத்துவத்திலுமா?

இடுக்கி மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய வட்டவடையை எண்ணிப் பார்க்கலாம். பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் அந்த மலைக் கிராமங்களின் பேச்சுமொழி தமிழ். பள்ளி செல்லாத ஒரு மூதாட்டியிடம் மலையாளச் சொற்களைக் கூறித் திருப்பிச் சொல்லச் சொன்னால், அவர் தடுமாறுவது நோயாலா, மொழியாலா? நலமாக இருப்பவருக்கு நோய்ப் பட்டம் கிடைக்கலாம். உண்மையான நோயாளியின் தடுமாற்றம், 'மொழி தெரியாதவர்' என்று ஒதுக்கப்படலாம்.

மறதிநோய்க்கெனத் தனித் திட்டத்தை 2014-இலேயே தொடங்கிய மாநிலம் கேரளம். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த அம்மாநிலத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. மனு எழுதத் தமிழ் செல்லும் எனில், நினைவைச் சோதிக்கவும் செல்ல வேண்டும். கல்வி பெறாதவருக்கும் ஏற்ற தமிழ்ச் சோதனையைத் தரப்படுத்தி வழங்குவது கவுன்சிலின் பொறுப்பு. அதை நடத்தத் தமிழறிந்த செவிலியரைத் தேவிகுளம் வட்டத்தின் மலைக் கிராமங்களுக்கு அனுப்புவது கேரள அரசின் பொறுப்பு.