பூட்டிய வாசலும் ஒரு கலிமாவும்

கொங்குப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரி. எந்த ஊர் என்பது வேண்டாம். அப்பாவுக்குத் துணையாக ராத்திரி நான் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு வயசான பாய். கூட இருந்த பேரனுக்குப் பதினைந்து வயசு இருக்கும். பின்னிரவில் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் பெரியவர் கேட்டது டாக்டரை இல்லை. காதருகே கலிமா சொல்ல ஒரு ஆளை. பதற்றத்தில் பையனுக்கு வாயே வரவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிடலாமா என்று கேட்டதற்கு, "விசிட்டிங் டைம் காலையிலதாங்க" என்றார் வாசலில் இருந்தவர். விடிவதற்குள் எல்லாம் முடிந்துபோச்சு. ஆறு மணிக்கு, வளாகத்துப் பிள்ளையாருக்கு வழக்கம்போல மணி அடித்தது.

பிள்ளையார் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த வாசல் மேல்தான்.

இதைச் சொன்னால் முற்போக்கு நண்பர்கள்தான் முதலில் பாய்வார்கள். "மதச்சார்பற்ற அரசு எதுக்குப்பா இமாமுக்கும் பாதிரிக்கும் வழி பண்ணித் தரணும்? அதுவும் பெரியார் பொறந்த ஈரோட்டுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு!" சரி, இதே கேள்வியை ராணுவத்திடமும் கேளுங்கள். பண்டிட், கிரந்தி, மௌலவி, பாதிரியார், பௌத்த பிக்கு என்று ஜூனியர் கமிஷன்ட் அதிகாரி தகுதியில் அது மத ஆசிரியர்களை நியமிக்கிறது. சம்பளம் அரசுப் பணம். அதனால் அரசியல் சட்டம் ஒன்றும் இடிந்து விழவில்லை. துப்பாக்கி பிடிப்பவனுக்குத் தேவையான ஆறுதல், கட்டிலில் கிடப்பவனுக்கு மட்டும் ஆடம்பரமா?

வெளியே இருப்பவர் கோட்டைமேட்டுக்கோ டவுன்ஹால் பக்கத்து சர்ச்சுக்கோ நடந்தே போய்விடலாம். உள்ளே இருப்பவர்? வ.உ.சி. செக்கிழுத்த கோவை மத்திய சிறையை நினைத்துப் பாருங்கள். 1998 குண்டுவெடிப்பு வழக்கில் கைதான அப்துல் நாசர் மதானி, ஒன்பது ஆண்டுகள் விசாரணைக் கைதியாகவே இருந்து, 2007இல் விடுதலையானார். குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவருக்குச் சிறையில் ஒன்பது ரமலான்.

கதவைப் பூட்டுவது அரசு என்றால், அதற்குள் ஆறுதல் வர வழிவிடும் கடமையும் அரசுக்குத்தான். 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகளில் 65ஆவது இதைத்தான் சொல்கிறது. ஒரு மதத்தவர் போதிய எண்ணிக்கையில் சிறையில் இருந்தால், அவர்களுக்கெனத் தகுதியான ஒருவரை நியமிக்க வேண்டும், அல்லது அனுமதிக்க வேண்டும். வேண்டாம் என்கிற கைதியின் மனதையும் முழுதாக மதிக்க வேண்டும்.

அந்தக் கடைசிப் பகுதி முக்கியம். மதம் மாற்ற வந்துவிடுவார்கள் என்று பதறுபவருக்கும், சாகும்போதும் சாமி வேண்டாம் என்கிற கருப்புச்சட்டைத் தாத்தாவுக்கும் அதுதான் காவல். கேட்டால் மட்டும் வரட்டும்.

ஆஸ்பத்திரிக்குச் சம்பளப் பணியிடம்கூட இப்போதைக்கு வேண்டாங்க. நர்ஸ் மேசையில் ஹஜ்ரத், ஃபாதர் நம்பர்கள் எழுதிய ஒரு தாள். ராத்திரி ரெண்டு மணிக்கும் செல்லுகிற ஒரு பாஸ். அவ்வளவுதான். இதையே மதச்சார்பின்மை தாங்காது என்றால், ஆயுத பூஜைக்கு ஆபீஸ் ஜீப் முன்னால் பூசணிக்காய் உடைத்தபோது அது எங்கே போயிருந்ததுங்க?