‘டக்’னு ஒரு சத்தம்... அப்புறம் மௌனம்! உங்க கார் செல்ஃப் எடுக்க அடம்பிடிக்குதா?

காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிற கார், மெடிக்கல் ஷாப் வாசலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடும். நாலைந்து முறை சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல உயிர் பெறும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அன்றைக்குப் பார்த்து சமர்த்தாக இருக்கும். உங்கள் காருக்கும் இந்த வியாதி இருந்தால், புது பேட்டரி வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மதுரையில் இருக்கும் என் பெரியப்பாவின் 11 வருடப் பழைய பெட்ரோல் காருக்கு இதே பிரச்னை. பெரியம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சிகிச்சை முடிந்து துவண்டுபோய் உட்கார்ந்திருக்கிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கார் ‘டக்’ என்றால் எப்படியிருக்கும்? முதலில் பேட்டரியை மாற்றினார். பத்து நாள் சரியாக இருந்தது. பிறகு மறுபடியும் ‘டக்’. ‘செல்ஃப் மோட்டாரையே மாத்திடலாம் சார்’ என்று ஒரு ஒர்க் ஷாப்பில் எஸ்டிமேட்டும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

விட்டு விட்டு வரும் கோளாறின் குணமே இதுதான். எதை மாற்றினாலும் கொஞ்ச நாள் சரியானதுபோலத் தெரியும். பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது கேபிள்கள் அசைந்து, தற்காலிகமாக நன்றாகத் தொட்டுக்கொள்ளும். நாம் பழியை பேட்டரி மேல் போட்டுவிடுவோம்.

அந்த ‘டக்’ எங்கிருந்து வருகிறது? சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட்டர் மோட்டாரின் முதுகில் இருக்கும் சோலனாய்டுக்கு ஒரு மெல்லிய ஒயர் வழியாகக் கரன்ட் போகும். அது காந்தமாகி, ஒரு சின்னப் பல்சக்கரத்தைத் தள்ளி இன்ஜினின் ஃப்ளைவீலோடு கோக்கும். அதே நேரத்தில் உள்ளே இருக்கும் செம்பு கான்டாக்ட்டையும் மூடும். சத்தம் இந்த வேலையுடையதுதான். அதற்குக் கொஞ்சம் கரன்ட் போதும். ஆனால், அடுத்த நொடி மோட்டார் சுற்ற வேண்டுமே... சின்ன பெட்ரோல் காரிலேயே 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வழியில் எங்காவது வெறும் 0.01 ஓம் தடை இருந்தால்கூட, 150 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். துரு அதிகமானால் ‘டக்’ மட்டும் மிச்சம்.

(‘செல்ஃப்’ என்ற பேர் ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்பதன் சுருக்கம். 1912 மாடல் காடிலாக்கில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வரும்வரை, கையால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டியதுதான்!)

பெரியப்பாவுக்கு வழி காட்டியவர் தெருமுனை ஆட்டோ எலெக்ட்ரீஷியன். “ஓடுறப்போ கொண்டாந்தா நான் எதைப் பார்க்குறது சார்? அது மக்கர் பண்றப்போ நகர்த்தாம எனக்கு ஒரு போன் பண்ணுங்க” என்றார். பெரியப்பாவும் அப்படியே செய்தார்.

வந்தவர் முதலில் ஹெட்லைட்டைப் போட்டு சாவியைத் திருப்பச் சொன்னார். ‘டக்’. வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை. பேட்டரியில் சக்தி இல்லாவிட்டாலோ, அதன் டெர்மினல் தளர்ந்திருந்தாலோ லைட் பொசுக்கென்று மங்கும். சிலசமயம் ‘டக டக டக’ என்று தொடர்ந்து அடிக்கும். சத்தமே வரவில்லை என்றால் இக்னிஷன் ஸ்விட்ச், ரிலே, கிளட்ச் ஸ்விட்ச் பக்கம் தேட வேண்டும். லைட் மங்காமல் ஒற்றை ‘டக்’ என்றால், பேட்டரியின் பலம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாருக்குள்ளேயே கோளாறு.

அடுத்து மல்டிமீட்டர். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ்வில், இன்னொன்று இன்ஜினின் வெறும் உலோகத்தில். மறுபடி சாவி. 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 7 வோல்ட்டுக்கு மேல் காட்டியது! இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை, போல்ட்டுக்கு அடியில் துருவேறிக் கிடந்தது. வண்டியை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, இன்ஜினைச் சுற்றியுள்ள பாகங்கள் சில நிமிடங்களுக்கு இன்னும் சூடாகும். அந்த நேரத்தில்தான் அந்த இணைப்பு கைவிட்டிருக்கிறது. துருவைச் சுரண்டி, புதுப் பட்டை மாட்டியதும் மீட்டர் 0.1-க்கு இறங்கியது. எஸ்டிமேட் பேப்பர் குப்பைக்குப் போனது.

எல்லாக் கார்களிலும் இதுவே காரணம் என்றில்லை. எர்த், பாசிட்டிவ் கேபிள் இரண்டும் சரியாக இருந்து, ஸ்டார்ட்டரை லேசாகத் தட்டினால் மட்டும் சுற்றுகிறது என்றால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அல்லது சோலனாய்டு கான்டாக்ட் கருகியிருக்கலாம். பல மாடல்களில் இவற்றை மட்டும் தனியாக மாற்ற முடியும், கேட்டுப் பாருங்கள். தட்டுவது வீடு போய்ச் சேர மட்டும்தான். சுத்தியலால் ஓங்கி அடித்தால் உள்ளே இருக்கும் காந்தம் உடையக்கூடும்.

சோதிக்கும்போது கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்தபடி இருக்கட்டும். துப்பட்டா, தலைமுடி பெல்ட் பக்கம் போகவே கூடாது. டெர்மினலைக் கழற்றினால் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஸ்டார்ட்டரை ‘ஷார்ட்’ செய்து காட்டும் வீடியோக்களைப் பார்த்து முயற்சி செய்யாதீர்கள். கியரில் இருக்கும் கார், ஆள் இல்லாமலேயே பாய்ந்துவிடும்.